பசுமைக் கச்சேரிக்குப் போகலாமா? போனால் எப்படிப் போவது?

கேள்வி இதுதான்: சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்காக நிதி திரட்டும் பெரிய திறந்தவெளி இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு முதல்முறையாக டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். கூட்டம், வெயில், சத்தம் எல்லாமே கொஞ்சம் பயமாக இருக்கிறது. போதாக்குறைக்கு உங்கள் நண்பர், "ஐம்பதாயிரம் பேரைக் கூட்டி டீசலை எரித்துப் பூமியைக் காப்பாற்றப் போகிறார்களாம்" என்று கிண்டல் செய்கிறார். போவதில் அர்த்தம் உண்டா, போனால் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் நான் பாட்டுக் கேட்டதைவிடக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் நின்றதுதான் அதிகம். கையில் உறை, கழுத்தில் அட்டை, தன்னார்வலர் வேலை. மேடைக்கு முதுகைக் காட்டி நின்றே பழகிப்போன ஆளின் பதில் இது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நண்பரின் கிண்டலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்ற பழி இந்த நிகழ்ச்சிகளுக்குப் புதிதில்லை. 2007 ஜூலை 7 அன்று லைவ் எர்த் என்ற பெயரில் சிட்னி, டோக்கியோ, ஷாங்காய், ஜோகன்னஸ்பர்க், ஹாம்பர்க், லண்டன், நியூ ஜெர்சி, ரியோ டி ஜெனிரோ என்று ஒரே நாளில் வரிசையாகக் கச்சேரிகள் நடந்தன. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் முன்னால் நின்றார். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பாட விமானம் ஏறி வந்தவர்களை அன்றைக்கே விமர்சகர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். (அன்று நடந்ததில் எனக்குப் பிடித்தது அண்டார்க்டிகாவின் ரொதேரா ஆய்வு நிலையத்தில் நடந்த கச்சேரிதான். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேர் நுனடாக் என்று பெயர் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். நேரில் கேட்டவர்கள் 17 பேர். கச்சேரிக்கென்று யாரும் பறந்து வரவில்லை.)

ஆனால் நண்பர் டீசலைக் கைகாட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் கணக்கு பிசகுகிறது. மேடைக்குப் பின்னால் உறுமுகிற ஜெனரேட்டர் கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. அதனால் குற்றவாளி அதுதான் என்று தோன்றும். பெரிய கச்சேரிகளின் கார்பன் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு: ரசிகர்கள் வந்து போகிற பயணம்தான் பெரும்பங்கு. ஐம்பதாயிரம் பேர், காருக்கு மூன்று பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பதினாறாயிரம் கார்களுக்கு மேல் வருகிறது. அத்தனையும் வந்து, நெரிசலில் நின்று, திரும்பிப் போக வேண்டும். மேடை விளக்குகளை எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே உங்கள் முதல் முடிவு நிகழ்ச்சி நாளுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டியது. ரயிலோ பேருந்தோ இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் வண்டியில் ஒரு இருக்கைகூடக் காலியாக விடாமல் ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். மைதானத்துக்குள் நீங்கள் செய்யப்போகிற அத்தனை நல்ல காரியமும் இந்த ஒன்றுக்கு முன்னால் சின்னது. நடத்துகிறவர்களின் நேர்மையையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன். அறிவிப்பில் முதலில் பேருந்து வழி சொல்லியிருக்கிறதா, பார்க்கிங் வசதி சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஆகஸ்ட் 25 அன்று மாஸிவ் அட்டாக் என்ற இசைக்குழு பிரிட்டனின் பிரிஸ்டலில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி நடத்தியது. கார் நிறுத்த இடமே ஒதுக்கவில்லை. டிக்கெட் விற்பனையில் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள், இரவில் திரும்பக் கூடுதல் ரயில்கள் ஏற்பாடு செய்தார்கள், மேடைக்கு பேட்டரி மின்சாரம் கொடுத்தார்கள். மிரட்டலான பேச்சு எதுவும் இல்லாமல் வேலையாகவே செய்து காட்டினார்கள்.

கோல்ட்பிளே குழுவும் இந்த வரிசையில் வரும். 2022இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் முந்தைய 2016-17 பயணத்தைவிட ஒரு நிகழ்ச்சிக்கான உமிழ்வு 59 சதவீதம் குறைந்ததாக 2024இல் அறிவித்தார்கள். ரசிகர்கள் குதித்தால் மின்சாரம் தரும் தரைப் பலகை, மிதித்தால் மின்சாரம் தரும் சைக்கிள் எல்லாம் வைத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த 59 சதவீதம் நிகழ்ச்சித் தயாரிப்பு, சரக்கு, குழுவினர் பயணம் ஆகியவற்றுக்கான கணக்கு. ரசிகர்கள் வந்து போனது அதற்கு வெளியே. இதுபோல ஒரு எண்ணைப் பார்த்தால் அதில் எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

சரி, இவ்வளவு செலவும் புகையும் ஆனபிறகு விழிப்புணர்வு என்ற ஒன்று வருகிறதா? எனக்குத் தெரிந்தவரை, மேடையில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் வருகிறது. "பூமியை நேசிப்போம்" என்று கேட்டால் எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1970 அக்டோபர் 16 அன்று கனடாவின் வான்கூவரில் ஒரு கச்சேரி நடந்தது. அலாஸ்காவை ஒட்டிய அம்சிட்கா தீவில் அமெரிக்கா நடத்தவிருந்த அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து, அந்தத் தீவுக்கே ஒரு படகில் போய் நிற்பது என்று சிலர் முடிவு செய்திருந்தார்கள். படகுக்குப் பணம் வேண்டும். ஜோனி மிட்செல், ஜேம்ஸ் டெய்லர், ஃபில் ஓக்ஸ் பாடினார்கள். செலவு போகக் கையில் நின்றது பதினேழாயிரம் டாலருக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு பழைய மீன்பிடிப் படகு கிளம்பியது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழிமறித்தது, படகு தீவை எட்டவில்லை, 1971 நவம்பர் 6இல் குண்டும் வெடித்தது. அவ்வளவும் தோல்விதான். ஆனாலும் அடுத்த ஆண்டே அம்சிட்காவில் இனிச் சோதனை இல்லை என்று அமெரிக்கா கைகழுவியது. அந்தப் படகில் போன கூட்டம்தான் பிறகு கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பாக வளர்ந்தது. அன்று டிக்கெட் எடுத்தவருக்குத் தன் பணம் ஒரு படகாகப் போகிறது என்று தெரிந்திருந்தது. உங்கள் நிகழ்ச்சியின் சுவரொட்டியில் அப்படி ஒரு 'படகு' இருக்கிறதா என்று தேடுங்கள். ஏரி ஒன்றைத் தூர்வாரவோ, வழக்கு ஒன்றை நடத்தவோ, காட்டுத் துண்டு ஒன்றை வாங்கவோ என்று எதுவாக இருந்தாலும் சரி.

அடுத்தது பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன மொழி நம்முடையது. அறிவிப்பில் "வருமானத்தில் ஒரு பகுதி" என்றிருந்தால் அது ஒரு ரூபாயாகவும் இருக்கலாம். "நிகர வருமானம் முழுவதும்" என்றிருந்தால் கேட்க இனிமை, ஆனால் நிகரம் என்பது மேடை, ஒலி, ஒளி, பாதுகாப்பு, காப்பீடு, தங்கும் விடுதி எல்லாம் கழித்த மிச்சம். பாடகர் சம்பளம் வாங்காமல் பாடினாலும் ஒலிபெருக்கி வாடகைக்கு வந்தவர் சும்மா வரமாட்டார். எனக்கு நம்பிக்கை தருவது "டிக்கெட்டுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகையாகச் சொல்வதும், எந்த அமைப்புக்குப் போகிறது என்று பெயர் சொல்வதும், தணிக்கை செய்த கணக்கை எப்போது வெளியிடுவோம் என்று தேதி சொல்வதும்.

நல்லவர்கள் நடத்தினாலே போதும் என்றும் இல்லை. பெரிய நிதிக் கச்சேரிகளுக்கெல்லாம் முன்னோடி, பண்டிட் ரவி சங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடத்தியது. இரண்டு காட்சிகள், ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர். டிக்கெட் பணம் சுமார் 2,43,000 டாலர் சீக்கிரமே யூனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பிறகு வந்த இசைத்தட்டு, படம் ஆகியவற்றின் பெரும்பணம் வரிச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. வரிவிலக்குக்கு உரிய நேரத்தில் ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் காரணம். மனசு சுத்தம், காகிதம் சரியில்லை. பதிவு பெற்ற அமைப்பா, ரசீது வருமா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: நினைவு டி-ஷர்ட் வாங்காதீர்கள். ஒரு பருத்திச் சட்டைக்கு விளைச்சல் முதல் தயாரிப்பு வரை 2,700 லிட்டர் தண்ணீர் வரை போகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். "தண்ணீரைச் சேமி" என்று அதன் மேலேயே அச்சடித்து விற்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசை உண்டியலில் போட்டுவிடுங்கள்.

இனி அன்றைய நாள்.

காதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன், ஏனென்றால் யாரும் கவலைப்படுவதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழிற்கூடங்களுக்கான பொதுவான அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகிறது. கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நிகழ்ச்சி அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்சவரம்பும், 15 நிமிடச் சராசரியாக, அதே 100 டெசிபல்தான். நீங்களோ நாலைந்து மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். மறுநாள் காதில் ரீங்காரம் கேட்டால் அது கச்சேரியின் இனிய நினைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அடிபட்டதன் அறிகுறி அது. அவை போனால் திரும்ப முளைக்காது. நுரை இயர்பிளக் ஒரு ஜோடி போதும். விரல்களுக்கு நடுவே மெல்லிய குச்சிபோல உருட்டி, மற்றொரு கையால் காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். சும்மா வாசலில் சொருகினால் பயனில்லை. குழந்தையைக் கூட்டிப் போனால் தலையைச் சுற்றி மாட்டுகிற காதுக்கவசம்தான்.

எங்கே நிற்பது? முன்வரிசை ஆசையை விடுங்கள். மைதானத்தின் நடுவில் ஒலிக் கலவை மேசை ஒரு கூடாரத்துக்குள் இருக்கும். ஒலியமைப்பாளர் தன் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் சரிசெய்வார், ஆகவே அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பது உங்களுக்கும் கேட்கும். இன்னும் பின்னால் போனால் தனி ஸ்பீக்கர் கோபுரங்கள் இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் வந்துசேர நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். அதனால் அந்தக் கோபுரங்களில் ஒலியை அதே அளவு தாமதித்து விடுகிறார்கள், இல்லையென்றால் எல்லாம் இரண்டிரண்டாகக் கேட்கும். திரையில் பாடகரின் உதடு முந்திக்கொண்டு அசைந்தால் அதுதான் காரணம். ஒளி கண்ணிமைக்கும் முன்பே வந்துவிடுகிறது, பாட்டு நடந்து வருகிறது.

கூட்டத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் நின்றால் நெரிசல்தான், ஆனால் சமாளிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஆறு, ஏழு ஆகும்போது கூட்டம் தண்ணீரைப்போல அலையடிக்கும், தனிமனிதரின் கால் பலம் அங்கே செல்லாது. 2021 நவம்பர் 5 அன்று ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் இசைத் திருவிழாவில் ஏற்பட்ட நெரிசலால் பத்துப் பேர் இறந்தார்கள். மூச்சு விட இடமில்லாமல் நசுங்கித்தான் இறந்தார்கள். உங்கள் கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். முடியவில்லை என்றாலோ, நடக்காமலே உடம்பு நகர்கிறது என்றாலோ, பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு அலையும் அடங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் குறுக்காக விலகி ஓரத்துக்கு வாருங்கள். முழங்கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்திருந்தால் மூச்சுக்கு இடம் இருக்கும். செல்போன் விழுந்தால் விழுந்ததுதான், குனியாதீர்கள்.

வெயிலுக்குத் தொப்பி, தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது ஒன்று: பக்கத்தில் இருப்பவர் உளறினாலோ, தடுமாறினாலோ "மயக்கம், நிழலில் உட்காரட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே மருத்துவக் கூடாரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஆள் வரும்வரை உடம்பை நனைத்து விசிறுங்கள். இடி கேட்டால் மரத்தடியும் ஸ்பீக்கர் கோபுரமும் ஆகாது, அறிவிப்பைக் கேட்டு வெளியேறுங்கள்.

செல்போனில் சிக்னல் அநேகமாக எடுக்காது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் எந்த டவரும் திணறும். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் நழுவிப் போய்விடும். உள்ளே நுழைந்ததுமே "பிரிந்துவிட்டால் இத்தனை மணிக்கு இந்த இடம்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடம் என்றால் "வாசல்" என்று சொல்லாதீர்கள், வாசல் ஏழெட்டு இருக்கும்.

இப்போது என் கூடைக்கு வருகிறேன். மூன்று நிறத்தில் கூடைகள் இருக்கும். கையில் பாதி குடித்த கப்போடு வருகிறவர் மூன்றையும் ஒரு பார்வை பார்ப்பார், மேடையில் ஒரு ஆரவாரம் கேட்கும், எது கிட்ட இருக்கிறதோ அதில் போட்டுவிட்டு ஓடுவார். அந்தப் பாதிக் கப் பானம் காகிதக் கூடைக்குள் கவிழ்ந்தால் அடியில் இருக்கிற காகிதம் மொத்தமும் ஊறிப்போகும், மறுசுழற்சிக்காரர் வாங்கமாட்டார், எல்லாம் குப்பை மேட்டுக்குத்தான். ஆகவே முதலில் பானத்தைக் குடித்து முடியுங்கள் அல்லது கொட்டுவதற்கு வைத்திருக்கும் வாளியில் கொட்டுங்கள். பிறகு எந்தக் கூடை என்று சந்தேகம் இருந்தால் பக்கத்தில் நிற்கிற எங்களைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வோம். நாங்கள் நிற்பதே அதற்குத்தான்.

"மக்கும் கப்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் புல்லில் வீசிவிட்டுப் போகிறவர்கள் தனி ரகம். அந்த வகைக் கப்புகளில் பெரும்பாலானவை தொழிற்சாலை உரக்குழியின் 60 டிகிரிச் சூட்டில்தான் மக்கும். புல்லில் கிடந்தால் சாதாரண பிளாஸ்டிக்கைப்போலத்தான் கிடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு தருகிற கனமான கப் இருக்கிறதே, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அழகாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் மெல்லிய கப்பைவிடக் கூடுதல் பிளாஸ்டிக்கை ஒரே ஒரு முறை பயன்படுத்தியதாக ஆகும். எல்லாவற்றையும்விட நல்லது வீட்டிலிருந்தே ஒரு பாட்டில். காலியாகக் கொண்டு போங்கள், பாதுகாப்புச் சோதனையில் தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள். உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். பிரிட்டனின் கிளாஸ்டன்பரி திருவிழா 2019இல் ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பாட்டில் விற்பனையையே நிறுத்திக் குழாய்களை வைத்தது. உங்கள் நிகழ்ச்சியில் குழாய் இல்லாமல் பாட்டில் மட்டும் விற்றால், அதை எழுதிக் கேளுங்கள். இப்படிப்பட்ட கடிதங்களை நடத்துகிறவர்கள் படிக்கிறார்கள், அடுத்த ஆண்டு மாற்றவும் செய்கிறார்கள்.

சிகரெட் துண்டும் பிளாஸ்டிக்தான். பஞ்சு மாதிரி இருப்பது செல்லுலோஸ் அசிடேட்.

திரும்பும்போது இரண்டே வழி: கடைசிப் பாட்டுக்கு முன் கிளம்புவது, அல்லது எல்லோரும் போன பிறகு கிளம்புவது. நடுவில் மாட்டாதீர்கள். நான் இரண்டாவதைச் சொல்வேன். விளக்குகளைப் போட்டுவிடுவார்கள், மேடை ஆட்கள் இரும்புச் சட்டங்களைக் கழற்ற ஆரம்பித்திருப்பார்கள், காதுக்குள் அமைதி ஒரு மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவருக்கொருவர் வரிசையாக நின்று மைதானத்தை ஒரு முனையிலிருந்து நடந்து வருவோம். பெரிய குப்பை சுலபம். எங்களைப் படுத்துவது கேபிள் டை நுனிகள். வயர்களையும் பதாகைகளையும் கட்டிவிட்டு நறுக்கிப் போட்ட, நகத்துண்டு அளவு பிளாஸ்டிக். புல்லுக்குள் இறங்கிவிட்டால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் மினுங்கும். உங்கள் பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தால் வரிசையில் ஒரு இடம் காலியாகத்தான் இருக்கும். உறை நாங்களே தருவோம், டார்ச் மட்டும் உங்கள் போனில் இருக்கட்டும்.